எஞ்சின் விலகிய வரலாறு

மாலை வேளையில் விக்டோரியா டெர்மினஸில், அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில், புறநகர் வண்டி ஒன்று வந்து நிற்கும் காட்சியை நாம் நாள்தோறும் காண்கிறோம். வந்த வண்டியின் முனையிலிருந்து ஒருவர் இறங்குகிறார். மறு முனையில் வேறொருவர் ஏறுகிறார். சில நிமிடங்களில் அதே வண்டி வந்த வழியே திரும்பிவிடுகிறது. எஞ்சினைக் கழற்றுவாருமில்லை, மாட்டுவாருமில்லை. ஏனெனில் அவ்வண்டிக்குத் தனி எஞ்சினே கிடையாது. ஒரு காலத்தில் இருந்த எஞ்சின் எப்போது விலகிற்று, எதற்காக விலகிற்று, அதனால் நமக்கு நேர்ந்தது யாது என்பதை, ரயில்வேயில் எழுத்தர் பணி புரிபவன் என்ற உரிமையில், நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எடுத்துரைக்க விழைகிறேன்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. தொலைவு 21 மைல், பெட்டிகள் 14, விருந்தினர் ஏறத்தாழ 400 பேர். சாகிப், சிந்து, சுல்தான் என்று பெயர் பூண்ட மூன்று எஞ்சின்கள் அவ்வண்டியை இழுத்துச் சென்றன. எஞ்சின் முன்னே, பெட்டிகள் பின்னே என்னும் அந்த ஒழுங்கே பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பம்பாயின் புறநகர் வண்டிகளுக்கும் விதியாயிற்று.

நெடுந்தூர வண்டிக்கு அவ்வொழுங்கு பொருந்தும். புறநகர் வண்டிக்கோ அது பெருந்தொல்லை. வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும், முன்னே வந்த எஞ்சின் தண்டவாளத்தின் முடிவிலுள்ள தடுப்புக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். ஊழியர் ஒருவர் குனிந்து உள்ளே புகுந்து இணைப்புக் கொக்கியைக் கழற்ற வேண்டும். மறு கோடியில் வேறோர் எஞ்சினைக் கொணர்ந்து பூட்ட வேண்டும். அது வண்டியை இழுத்துச் சென்ற பிறகே முதல் எஞ்சினுக்கு விடுதலை. விடுதலை பெற்ற எஞ்சினோ நீர் நிரப்பி, கரி ஏற்றி, சுழல்மேடையில் திரும்பி, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். மேலும், மைலுக்கு ஒரு நிலையம் என்று இருக்கும் பாதையில், நிற்பதும் புறப்படுவதுமாகவே காலம் கழியும். நீராவி எஞ்சினோ மெல்லத்தான் வேகம் எடுக்கும். நகரம் வடக்கு நோக்கி வளர வளர, இம்முறை தாங்காது என்பது தெளிவாயிற்று.

இதற்கு விடை அமெரிக்காவில் பிறந்தது. பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியாளர் 1897-இல் சிகாகோ நகரின் மேம்பால ரயிலில் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். இழுக்கும் ஆற்றலை ஒரே எஞ்சினில் குவிக்காமல், மின்மோட்டார்களாகப் பிரித்துப் பயணிகள் பெட்டிகளின் அடியிலேயே அமைத்தார். எந்த முனையிலிருந்தும் ஒருவரே அத்தனை மோட்டார்களையும் ஒருங்கே இயக்கலாம். அந்நிலையில் தனி எஞ்சினுக்கு வேலை ஏது?

அம்முறை பம்பாய்க்கு வந்து சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், கவர்னர் சர் லெஸ்லி வில்சன் தொடங்கி வைக்க, நான்கு பெட்டிகள் கொண்ட மின்சார வண்டி விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லாவுக்கு ஓடிற்று. இந்தியாவின் முதல் மின்சார ரயில் அதுவே. மேலே செல்லும் கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்தது. 1928 ஜனவரி 5-இல் மேற்குப் பாதையிலும் கொலாபாவிலிருந்து போரிவிலி வரை மின்சார வண்டி வந்தது. நம் சென்னையும் பின்தங்கவில்லை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதை மின்மயமாயிற்று.

எஞ்சின் விலகியதால் நெருப்பே அணைந்துவிட்டது என்று எண்ணலாகாது. கல்யாணுக்கு அருகே சோலா என்னுமிடத்தில் ரயில்வே தனக்கென ஓர் அனல்மின் நிலையத்தை நிறுவிற்று. வண்டியின் முன்னே எரிந்த கரி அங்கே எரிந்தது. நம் கண்ணில் விழும் கரித்தூள் நின்றதே அன்றி, கரியின் உழைப்பு நிற்கவில்லை.

இம்மாற்றம் நம்மவர் வாழ்வை அமைத்த விதம் எண்ணிப் பார்க்கத்தக்கது. தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வந்த இளைஞருக்குக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் வேலை கிடைத்தது. ஆனால் குடியிருக்க அங்கே இடமில்லை. மாதுங்காவில் குடும்பத்தோடு வாழ்ந்து, காலை உணவு கொண்டு, குறித்த நேரத்தில் அலுவலகம் சேரலாம் என்ற நிலையை உறுதியாக்கியது அடிக்கடி ஓடிய மின்சார வண்டியே. பின்னர் மின்கம்பி செம்பூரை எட்டியபோது அங்கும் நம்மவர் குடியேற்றம் பெருகிற்று. கோயிலும் பள்ளியும் சங்கமும் குடும்பங்களை நாடி எழுந்தன. குடும்பங்களோ ரயில் நிலையங்களை நாடி அமைந்தன. கொக்கி கழற்றும் நேரம் மிஞ்சியதால் நமக்கொரு குடியிருப்பு வாய்த்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதுதல் எழுத்தன் கடமை. நீராவி எஞ்சினுக்கு டிரைவர் ஒருவர் போதாது. கரி போடும் பயர்மேன் வேண்டும். கொட்டகையில் கரி அள்ளுவோர், சாம்பல் வாருவோர், கொதிகலம் கழுவுவோர் எனப் பெரும் படை வேண்டும். மின்சார வண்டிக்கு இவர்கள் எவரும் வேண்டியதில்லை. என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறி, ஓர் எஞ்சின் கொட்டகையில் கரி அள்ளியவர். கொட்டகை மூடப்பட்டபோது நடுவயதில் கலாசியாகப் புதிதாய் வேலை பழக நேர்ந்தது. சிறுவனான என்னிடம் அவர் ஒருமுறை, “ஏலே, எஞ்சின மட்டுமா கழட்டுனாவ? எங்களையும்லா சேத்துக் கழட்டிட்டாவ” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அச்சொல் இன்றளவும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

எஞ்சின் மறைந்தாலும் கழற்றும் வேலை மறையவில்லை. அது பட்டறைக்கு இடம் மாறிற்று. 1915-இல் தோன்றிய மாதுங்கா ரயில்வே பட்டறை நம் குடியிருப்புக்கு அண்மையிலேயே உள்ளது. புறநகர் வண்டியின் மோட்டார் பெட்டியைப் பழுது பார்க்கும் முறை இது: முதலில் மின்இணைப்புகளையும் காற்றுக் குழாய்களையும் பிரிப்பார்கள். பின் பெட்டியின் உடலை அப்படியே மேலே தூக்கி, அடியிலுள்ள சக்கரத் தொகுதியை உருட்டி வெளியே எடுப்பார்கள். அதன்பின் அச்சோடு பற்சக்கரத்தால் பிணைந்திருக்கும் மோட்டாரை விடுவித்து இறக்கி, தூசி நீக்கி, தாங்கிகளையும் சுருள்களையும் சோதித்து, மீண்டும் பூட்டுவார்கள். முன்பு ஒருவர் கொக்கியை எடுத்தால் எஞ்சின் பிரிந்துவிடும். இன்று பெட்டியையே தூக்கினாலன்றி அது கைக்கு எட்டாது. பயணியின் காலடியிலேயே அது ஒளிந்துகொண்டிருக்கிறது.

1925-இல் தொடங்கிய 1,500 வோல்ட் முறையும் முதுமை எய்திற்று. 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. பழைய முறையில் கடைசிப் புறநகர் வண்டி 2016 ஏப்ரலில், முதல் வண்டி ஓடிய அதே துறைமுகப் பாதையில், குர்லாவிலிருந்து புறப்பட்டு ஓடி விடைபெற்றது.

பம்பாய் கண்ட பாடம் நெடுந்தூர வண்டிகளுக்கும் இன்று வந்துவிட்டது. 1955-இல் தொடங்கப்பெற்ற நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 2018-இல் உருவாக்கிய வந்தே பாரத் வண்டிக்கும் தனி எஞ்சின் இல்லை. முதல் வண்டியின் 16 பெட்டிகளில் 8 பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருந்தன. 2019 பிப்ரவரியில் அது டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. குர்லாவுக்கு ஓடிய நான்கு பெட்டி வண்டியின் கொள்ளுப்பேரன் தமிழ்நாட்டில் பிறந்தான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆயினும் விடுமுறைக்கு நாம் ஊர் செல்லும் வண்டிகளில் பலவற்றை இன்னும் எஞ்சினே இழுக்கிறது. போர் மலைச்சரிவில் ஏறுவதற்காகக் கர்ஜத்தில் பின்னால் உந்தும் எஞ்சின்களை மாட்டுகையில் பெட்டி குலுங்கும், குழந்தைகள் கண் விழித்து “என்ன அது?” என்று வினவுவார்கள். அப்போது அவர்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். எஞ்சினைக் கழற்றியதால் நாம் பெற்ற இல்லத்தைச் சொல்லுங்கள். அதனோடு கழற்றப்பட்ட கரி படிந்த கைகளையும் மறவாமல் சொல்லுங்கள்.