கடலிலிருந்து எழுந்த அச்சம்

1954 மார்ச் 1ஆம் நாள், பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. கதிரியக்கச் சாம்பல், தொலைவிலிருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேர்மீதும் பொழிந்தது. அவர்களுள் ஒருவர் செப்டம்பரில் மாண்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘கோட்ஸில்லா’ திரைக்கு வந்தது. கடலில் பேரொளி தோன்ற, கப்பலொன்று எரிந்து மூழ்குவதே அதன் தொடக்கம்.

அவ்விலங்கை எழுப்பியதும் குண்டுச் சோதனையே. அதை அழிக்கும் கருவியைக் கண்டறிந்த அறிவியலாளர் செரிசாவா, அதுவும் போர்க்கருவியாகிவிடும் என்றஞ்சித் தம் குறிப்புகளை எரித்து, விலங்கோடு தாமும் கடலடியில் மாள்கிறார். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று தோன்றலாம் என்னும் எச்சரிக்கையோடு படம் முடிகிறது. 1956இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பில் அவ்வெச்சரிக்கை இல்லை. அக்கால ஜப்பானியரின் அச்சத்தை அறிய விழைவோர் மூலப் படத்தையே காணல் வேண்டும்.