திசு சேமிப்பும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வும்

மரபணு வெளிப்பாட்டு ஆய்வு என்பது, ஒரு திசுவில் குறிப்பிட்ட நேரத்தில் எந்த மரபணுக்கள் எந்த அளவில் இயங்கின என்பதை, அவற்றின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை அளந்து அறிவதாகும். கிள்ளிய இலையின் செல்கள் சிறிது நேரம் உயிரோடிருந்து காயத்துக்கும் வாட்டத்துக்கும் ஏற்பப் புதிய மரபணுக்களை இயக்குவதாலும், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் எங்கும் நிறைந்திருப்பதாலும், சேமிக்கும் முறையே முடிவைத் திரித்துவிடக்கூடும்.

பாலக்காட்டின் நெல்லியாம்பதி, 1978இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட இடுக்கியின் மயிலாடும்பாறை போன்ற ஏல மலைகளில், ஆய்வகம் தொலைவிலிருக்கும் தோட்டத்து மாதிரிக்கு இச்சிக்கல் மிகக் கடுமையானது. ஏலத்தைத் தாக்கும் தேமல் நோய் வைரசின் மரபுப் பொருளும் ஆர்.என்.ஏ.வே என்பதால், நோயறிதலும் சேமிக்கும் முறையைச் சார்ந்ததே.

பறித்தவுடன் −196 டிகிரி செல்சியசிலுள்ள திரவ நைட்ரஜனில் உறையவைத்து, −80 டிகிரியில் காப்பதே நம்பகமான வழி. அவ்வாறு உறைந்த இலை அரைக்கும் முன் உருகினால், பனிப்படிகங்கள் கிழித்த செல்களிலிருந்து நொதிகள் வெளிப்பட்டு ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கும். நைட்ரஜன் கொண்டுசெல்ல இயலாத மலைச்சரிவில், அம்மோனியம் சல்பேட் செறிந்த காப்புக் கரைசல் அறை வெப்பத்திலேயே ஏறத்தாழ ஒரு வாரம் கைகொடுக்கும். ஆனால் இலையின் மெழுகுப் படலம் அதை எளிதில் உள்ளே விடாது என்பதால், அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த கீற்றுகளாக நறுக்கியே அமிழ்த்த வேண்டும்.