பழைய ஒலியும் புதிய சைலன்சரும்: மும்பைத் தெருவிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மும்பை குர்லாவின் சி.எஸ்.டி. சாலையிலும் ஆப்பரா ஹவுஸ் பகுதியிலும் உள்ள உதிரிபாகக் கடைகளில் புல்லட்டுக்குச் சைலன்சர் கேட்பவர் சில பெயர்களைக் கேட்க நேரும்: லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், மெகாபோன், பஞ்சாபி, இந்தோரி, கோல்ட்ஸ்டார். முதல் மூன்றும் வடிவத்தால் வந்த பெயர்கள். அடுத்த இரண்டும் ஊரால் வந்தவை. கோல்ட்ஸ்டார் என்னும் பெயர் மட்டும் ஒரு பந்தயப் பாதையிலிருந்து வந்தது. அது வந்த வழியைப் பின்தொடர்ந்தால், இன்றைய ‘ரெட்ரோ’ மோட்டார் சைக்கிள்களில் மாற்றுச் சைலன்சர் பொருத்தும் பழக்கம் எதை மீட்பதாக எண்ணுகிறது, உண்மையில் எதை உண்டாக்குகிறது என்பது விளங்கும்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் 1907இல் திறக்கப்பட்டது புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதை. இரைச்சலைப் பொறுக்க முடியாத சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக 1920களின் நடுப்பகுதியில் அங்கு ஓடும் வண்டிகளுக்குச் சைலன்சர் கட்டாயமாயிற்று. ‘புரூக்லாண்ட்ஸ் கேன்’ என்று இன்றும் வழங்கும் உருளைப்பெட்டி அந்த விதியின் குழந்தை. அதே பாதையில் 1937இல் வால் ஹேண்ட்லி என்னும் வீரர் பி.எஸ்.ஏ. வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அவ்வேகத்தை எட்டியோருக்கு வழங்கப்பட்ட சிறு தங்க விண்மீன் சின்னம் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு பி.எஸ்.ஏ. தன் புதிய வண்டிக்குக் ‘கோல்ட் ஸ்டார்’ என்று பெயரிட்டது. 1950களின் கோல்ட் ஸ்டாரில் இருந்த சைலன்சரின் வடிவம் பிற்காலத்தில் பலராலும் நகலெடுக்கப்பட்டு, புல்லட்டுக்கான உதிரிபாகமாக இந்தியச் சந்தையிலும் நிலைபெற்றது. ஆக, இன்று உரத்த ஒலிக்காக வாங்கப்படும் ஒரு பொருளின் பெயர், அண்டை வீட்டாரின் முறையீட்டால் ஒலி அடக்கப்பட்ட ஒரு பாதையில் பிறந்தது.

இந்தியக் காதுகளில் ‘புல்லட் சத்தம்’ பதிந்த வரலாறு சென்னையில் தொடங்குகிறது. ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாயிற்று. அதன் 346 சிசி எஞ்சினின் உருளை விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். நீண்ட வீச்சு, ஒற்றை உருளை, கனத்த சுழல்சக்கரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வண்டி மிகக் குறைந்த சுழற்சியிலும் நிற்காமல் ஓடியது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறையே எரிதல் நிகழும். நிமிடத்துக்கு 1000 சுற்று எனக் கொண்டால் நொடிக்கு எட்டு அதிர்வுகளுக்குச் சற்று மேல். அந்த அளவில் காது ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக உணர்கிறது. ஆலையிலிருந்து வந்த நீண்ட சைலன்சர் உள்ளிருந்த தடுப்புத்தகடுகளால் கூர்மையான ஒலிகளை விழுங்கியது. தாழ்ந்த துடிப்பு மட்டுமே எஞ்சியது. புகழ்பெற்ற அந்த ஓசை எஞ்சினின் அமைப்பால் விளைந்தது, உரப்பால் விளைந்ததன்று. சைலன்சர் அதைப் பெருக்கவில்லை, வடிகட்டிக் கொடுத்தது.

இந்த அடிப்படை அண்மைக்கால மறுமலர்ச்சியில் மாறிவிட்டது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த நிறுவனம் 2009இல் கிளாசிக் வண்டியை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரெட்ரோ தோற்றம் பெருவணிகமாயிற்று. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இன் எஞ்சினில் விட்டம் 72, வீச்சு 85.8 மில்லிமீட்டர், அதிர்வைக் குறைக்கும் சமன்தண்டும் உண்டு. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650 தன் பெயரை 1960களின் ரெட்டிச் வண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய இன்டர்செப்டரில் இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி இறங்கின; எரிதல்கள் சம இடைவெளியில் நிகழ்ந்தன. புதியதில் 270 பாகைக் கிராங்க் உள்ளதால் இடைவெளிகள் 270, 450 பாகை என மாறி மாறி வருகின்றன. எனவே அதன் தாளமே வேறு. பம்பாயின் ஈரானி குடும்பத்தினர் மைசூரில் நிறுவிய ஐடியல் ஜாவாவின் கதையும் இத்தகையதே. அங்கு உருவான 250 சிசி ஜாவா இரண்டு வீச்சு வண்டி. ஒற்றை உருளையிலிருந்து இரு புகைக்குழாய்கள் பிரிந்தன. 2018 நவம்பரில் மும்பையில் அறிமுகமான புதிய ஜாவாவிலும் இரு குழாய்கள் இருந்தன. எஞ்சினோ திரவக் குளிர்விப்புடைய நான்கு வீச்சு எஞ்சின். தோற்றம் திரும்பி வந்தது. ஒலி திரும்பி வர வழியே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே மாற்றுச் சைலன்சர் வாங்கப்படுகிறது. பொருத்தும் வேலை எளியது. ‘ஸ்லிப்-ஆன்’ வகையில் பெண்ட் பைப்பை விட்டுவிட்டு, கிளாம்ப்பைத் தளர்த்திப் பின்பகுதியை மட்டும் மாற்றுவார்கள். முழு அமைப்பையும் மாற்றுவதாயின் உருளைத்தலையில் உள்ள நட்டுகளைக் கழற்றி, கேஸ்கெட்டைப் புதிதாக இட்டு, ஆக்ஸிஜன் உணரியையும் புதிய குழாய்க்கு இடம்மாற்ற வேண்டும். ஆலைச் சைலன்சர் அறைகளாலும் துளைக்குழாய்களாலும் ஒலியலையைத் திருப்பி மோதவிட்டு அடக்குகிறது. மாற்றுச் சைலன்சர் பெரும்பாலும் நேர்க்குழாய். சுற்றியுள்ள கண்ணாடி இழை உயர்ந்த ஒலிகளை ஓரளவு உறிஞ்சும், தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய அப்படியே விடும். வாயில் செருகிய ‘டிபி கில்லர்’ ஒரு திருகாணியில் கழன்றுவிடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்கீழ் வரும் வண்டியில் எரிபொருள் அளவும் புகை சுத்திகரிப்பும் ஒரே அமைப்பாகப் பிணைந்துள்ளன. வினையூக்கி மாற்றி இருக்கும் பகுதியைக் கழற்றினால் ஒலியோடு நச்சுப்புகையும் வெளியேறும். எரிபொருள் அளவைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால் ஆற்றல் கூடும் என்ற உறுதியும் இல்லை. கைக்கு வருவது ஓசை ஒன்றே.

அந்த ஓசைக்கு வணிக மதிப்பு உண்டு என்பதை உலகம் அறிந்திருக்கிறது. ஹார்லி டேவிட்சன் 1994இல் தன் எஞ்சின் ஒலியையே வணிகக்குறியாகப் பதிவு செய்ய அமெரிக்காவில் விண்ணப்பித்து, போட்டி நிறுவனங்களின் எதிர்ப்புக்குப்பின் 2000இல் விலகிக்கொண்டது. ஒலியை ஒரு நிறுவனம் உடைமையாக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டிக்காரரும் கடையில் அதை விலைக்கு வாங்க முடிகிறது.

சட்டம் இதை இரு திசைகளிலிருந்து அணுகுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆயினும் சைலன்சரின் விவரம் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. ஆகவே வாதம் ஒலியை நோக்கி நகர்கிறது. 2019 திருத்தத்துக்குப்பின் 190(2)ஆம் பிரிவின்கீழ் ஒலி, காற்று மாசு விதிகளை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு உற்பத்தி நிலையில் 80 டெசிபல் வரம்பு உண்டு. அது திறந்தவெளித் தடத்தில் 7.5 மீட்டர் தொலைவில் ஒலிவாங்கி வைத்து அளக்கப்படுவது. சாலையோரத்தில் அச்சோதனையை அப்படியே நடத்த இயலாது. அதனால் நடவடிக்கை பெரும்பாலும் காட்சியாகிறது: பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கிச் சாலை உருளையால் நசுக்கும் படங்கள் மும்பை உட்படப் பல நகரங்களிலிருந்து வந்துள்ளன. நசுங்குவது வாங்கியவரின் குழாய். அதே வகைக் குழாய் கடையில் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

இவ்வொலி யார் காதில் விழுகிறது என்பதை நகரத்தின் சாலை வரலாறும் தீர்மானிக்கிறது. செம்பூரைத் தென்மும்பையுடன் இணைக்கும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013இல் திறக்கப்பட்டது.  ஜே.ஜே. மேம்பாலம், பாந்த்ரா-வொர்லி கடற்பாலம், அண்மைய கடற்கரைச் சாலை, அடல் சேது ஆகியவற்றில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குடியிருப்புகளைத் தவிர்த்துச் செல்லும் புதிய பாதைகள் பல கார்களுக்கு ஒதுக்கப்பட்டன. மோட்டார் சைக்கிள்கள் பல சயான், மாட்டுங்கா, தாதர் வழியே மக்கள் வாழும் பழைய சாலைகளில் ஓடுகின்றன. அவ்வழியே தெற்கே போகும் ஒரு வண்டி மருத்துவமனை, கல்லூரி, குடியிருப்பு என ஒவ்வொன்றையும் தொட்டே செல்கிறது.

தாராவியை ஒட்டி நிற்கும் சயான் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அமைதி மண்டலமாகும். அங்கு இரவு வரம்பு 40 டெசிபல். வண்டிக்குரிய 80 டெசிபல் கணப்பொழுதின் உச்சம். இந்த 40 நேரச் சராசரி. இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் தூக்கம் சராசரியால் கலைவதில்லை, உச்சத்தால் கலைகிறது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி ஆறு டெசிபல் தணியும். இருபுறமும் சுவர் நெருங்கிய சந்தில் அது எதிரொலித்து மெல்லவே தணியும். தாழ்ந்த அதிர்வெண்ணைத் தகரமும் மெல்லிய செங்கற்சுவரும் தடுப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் தாராவியின் வீடுகள் பலவற்றுக்குத் தெருவே முற்றம். கண்ணாடி மூடிய குளிரூட்டப்பட்ட அறைக்கு எட்டாத ஒலி, அங்கே பாயில் படுத்திருப்பவரை எழுப்புகிறது.

வண்டி ஓட்டும் இளைஞரைக் குற்றவாளியாக்குவது எளிது. அவர் தேடுவது தந்தையின் தலைமுறை ஓட்டிய புல்லட்டின் ஓசையை. விளம்பரங்கள் அவருக்கு விற்றதும் அந்த நினைவைத்தான். கிடைப்பதோ அந்தத் தலைமுறை கேட்டிராத ஒலி. எஞ்சின் வேறு, தாளம் வேறு, அதை வடிகட்டிய தகடுகளும் இல்லை. மரபு என்று நம்பப்படும் ஒன்று நிகழ்காலத்திலேயே புனையப்படுவதற்கு இது கைக்கெட்டும் சான்று.

இயந்திரங்களின் வரலாறு இதுவரை செய்தவரிடமிருந்தும் ஓட்டியவரிடமிருந்தும் எழுதப்பட்டு வந்துள்ளது. புரூக்லாண்ட்ஸில் சைலன்சர் பிறந்தது அவ்விருவராலும் அன்று. வேலிக்கு அப்பால் வாழ்ந்தவர்கள் வழக்காடியதால். அவர்களிடம் வீடும் வழக்கறிஞரும் இருந்தார்கள். தொண்ணூறடிச் சாலையின் கேட்போருக்கு அத்தகைய ஆவணம் இல்லை. அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வது மும்பையின் ஒலி வரலாற்றை எழுத முனையும் மாணவருக்கு முதல் பணியாக இருக்கும்.