சபை விருந்தும் சமபந்தியும்

விருந்துக்கு அழைத்தவர் பந்தியின் ஊடே நடந்து, எந்த இலையில் எது குறைகிறது, யாருக்கு இன்னும் சோறு வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நிறைவு செய்வதைத் தமிழர் 'பந்தி விசாரித்தல்' என்பர். கலியாண வீட்டில் புழங்கிய இச்சொல்லைத் தமிழ் விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தனர். எருசலேமின் முதற்சபையில் நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிப்பாரின்றி விடப்பட்டனர். முறையீடு எழுந்தது. பந்திவிசாரணைக்கென்றே எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சபைக்குள் இரு மொழியாரிடையே எழுந்ததாக ஏட்டில் பதிவான முதற் பூசலே சோற்றைப் பற்றியதுதான்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் பட்டணத்திலும் தமிழ்த் திருச்சபைகளின் தொண்டர்கள் நடத்திவரும் ஐக்கிய விருந்து, அறுப்பின் பண்டிகை உணவு, கட்டட நிதி விருந்து ஆகியவற்றைப் பலர் வழிபாட்டுக்குப் பின்வரும் பொழுதுபோக்காகவே எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு எண்ண இடம் தரவில்லை. தமிழ்க் கிறித்துவர் சமத்துவத்தை உண்மையில் ஏற்றனரா என்பது பிரசங்க பீடத்தில் சோதிக்கப்பட்டதைக் காட்டிலும் பந்தியிலேதான் கடுமையாகச் சோதிக்கப்பட்டது.

அச்சோதனை தமிழ்நாட்டில் தொடங்கியதும் அன்று. கொரிந்து நகரச் சபையில் செல்வர் முன்னதாக வந்து உண்டு குடித்துவிட, வேலை முடிந்து பிந்தி வந்த ஏழையர் பசியோடு நின்றனர். பவுல் அவர்களைக் கண்டித்து எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கி.பி. 112 அளவில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்துவர் கூடி உண்பது சாதாரணமான, குற்றமற்ற உணவே என்று விசாரித்தறிந்து தெரிவிக்கிறார். அந்நாளில் 'அகாப்பே' எனப்பட்ட அன்பின் விருந்தைப் பற்றிக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெருமையோடு எழுதினார். ஆயினும் நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம், ஆலயத்துக்குள் அவ்விருந்தை நடத்தலாகாது என விதித்தது. கூடி உண்ணும் இடத்தில் குழப்பமும் கூடவே வந்தது போலும்! நெடுங்காலம் மங்கிக் கிடந்த அவ்வழக்கத்தை 1727ஆம் ஆண்டில் செருமனியின் எர்ன்குட் சிற்றூரில் மொராவியச் சபையார் மீண்டும் எடுத்தனர். அவர்களிடமிருந்து ஜான் வெஸ்லி கற்றுக்கொண்டு மெதடிஸ்டுச் சங்கங்களில் பரப்பினார்.

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பின் தோன்றிய சபைகளில் சாதிவாரியாக அமரும் வழக்கம் ஆலயத்துக்குள்ளேயே நிலைத்தது. தஞ்சையில் இளைய மிஷனரிமார் அதை மாற்ற முனைந்தபோது எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் என்பது தமிழாசிரியர்களுக்குச் சற்றே கசப்பான செய்திதான். புலமையும் பக்தியும் ஒருவரிடம் ஒருங்கே இருந்தும் பந்தி மட்டும் தனியே பிரிந்து நிற்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர்.

1847ஆம் ஆண்டு மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் மேலும் ஒரு படி சென்றது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னாற் போதாது, எல்லாரோடும் அமர்ந்து உண்டு காட்ட வேண்டும் என்பது அதன் முடிவு. பலர் வேலையை இழக்கத் துணிந்தனரேயன்றி அந்தச் சோற்றைத் தொடவில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிமார் மாநாடும் இதே அளவுகோலை ஏற்றது. தரங்கம்பாடி மரபைப் பேணிய லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படவில்லை. சாதி என்பது குடிமை வழக்கம். உண்ணுதலைச் சோதனையாக்கி வலிந்து திணிப்பது முறையன்று. போதனையால் அது மெல்ல மறையும் என்பது அதன் தலைவர் கார்ல் கிரவுல் கொண்ட வாதம். எது சரி என்று இன்று தீர்ப்புக் கூறுவது எளிது. தானாக மறையும் என்று விடப்பட்டது தானாக மறையவில்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1816இல் அங்கு வேரூன்றிய அமெரிக்க மிஷனின் உண்டுறைப் பள்ளிகளில், தொடக்க காலத்தில், மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மாணவர் மறுத்தனர். சமையற்கட்டை வெளியே அமைக்க வேண்டி வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1929, 1930ஆம் ஆண்டுகளில், பள்ளிகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பள்ளிக் கட்டடங்கள் கொளுத்தப்பட்டன. ஆசனத்துக்கே அந்தப் பாடு என்றால் சம போசனத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனை கிளைகளும் கடல் கடந்து வந்து, நடந்தே சென்றுவிடும் தொலைவில் ஒன்றுக்கொன்று அண்டை வீடாக அமர்ந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், வீடுகளைச் செங்கல்லால் கட்ட ஆணை பிறந்தது. செங்கற் சூளைகள் நின்ற இடமே அப்பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிற்று. இரயில்வேத் துறையில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். தண்டவாளம் போடவும் பட்டறையில் உழைக்கவும் தென்னிந்தியத் தமிழர் வந்தனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் படித்தவரும், 1897இல் கோலாலம்பூரில் ஆண்கள் பள்ளி தொடங்கிய மெதடிஸ்டுகளின் தமிழ்ச் சபையாரும், தரங்கம்பாடி லுத்தரன் மரபினரும் ஒரே வட்டாரத்துக் கடையில் அரிசி வாங்கினர். லுத்தரன் சீயோன் ஆலயம் 1924இல் எழுந்தது. கத்தோலிக்கருக்கு அருகிலேயே 1903ஆம் ஆண்டின் செபமாலை அன்னை ஆலயம் இருந்தாலும் அது சீனக் கத்தோலிக்கருக்கென அமைந்தது. தமிழருக்கென்று புடுவில் புனித அந்தோணியார் ஆலயம் 1910இல் கட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், ஆலயத்தை இரண்டாகப் பிரித்து நின்ற சாதிச் சுவர் இடிக்கப்பட்டது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928இல் நிறைவுற்றது.

கடல் கடந்ததும் சாதி கரைந்துவிட்டது என்று எழுதுவது உண்மையாகாது. தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. எழுத்தர் குடும்பமும் பால்மரக் குடும்பமும் ஒரே பாய்மேல் அமர்ந்து உண்டது அருமையே. 1929 திசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது இங்கேயும் சாதியைக் கண்டித்துப் பேசவேண்டிய தேவை இருந்தது. ஆனால் இங்கே சபைகள் சிறியவை. ஐம்பது குடும்பமே உள்ள சபையில் இரண்டு பந்தி போட ஆளும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஊரில் ஆணையிட்டும் நடவாததை இங்கே ஆட்குறைவு ஓரளவு நடத்தி வைத்தது எனலாம். பின்னர் சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி அற்றுப்போய், அனைவர் தட்டிலும் மரவள்ளிக்கிழங்கே விழுந்தது. சயாம் இரயில்பாதைக்குப் போன தோட்டத்து ஆண்கள் பலர் திரும்பவில்லை. எஞ்சியவர் கூடி உண்டபோது யார் பக்கத்தில் யார் என்று பார்க்கும் மனநிலை முன்போல் இருந்திருக்க இயலாது.

விருந்தோடு நிதியும் சேர்ந்தது எவ்வாறு என்பது தனிக்கதை. அதன் வேர் பிடியரிசியில் இருக்கிறது. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் இல்லத்தாள் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். கலயம் நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். காசு காணாத குடும்பமும் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்று, அங்குள்ள தமிழ்ச் சபையார் தம் சொந்தப் பணத்தாலேயே நற்செய்திப் பணி நடத்துவதைக் கண்டு திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. வெளிநாட்டுப் பணத்தை நம்பாத அச்சங்கத்தையும், அசரியா 1912இல் பேராயரான தோர்ணக்கல் சபையையும் தாங்கியவற்றுள் பிடியரிசியும் ஒன்று. அதே தென்மாவட்டச் சபைகளில் ஊரே கூடி உண்ணும் 'அசனம்' இன்றும் பெருவிழாவாக நடக்கிறது. வீடுவீடாக அரிசியும் காயும் தண்டி, ஆண்கள் அண்டா ஏற்றி, ஊர் முழுவதற்கும் ஒரே குழம்பு ஊற்றுவர்.

கோலாலம்பூரில் பிடியரிசிக் கலயத்தின் இடத்தை மாதர் சங்கத்தின் அடுக்களை எடுத்துக்கொண்டது. ஞாயிறு விருந்தென்றால் சனிக்கிழமை மாலையே வெங்காயம் உரிக்கும் வேலை தொடங்கும். பத்துக் கிலோ அரிசி எண்பது முதல் நூறு பேருக்குப் போதும். முந்நூறு பேருக்குக் கோழிக்கறி ஆக்க ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் கோழி வேண்டும். இக்கணக்கைத் தாளில் எழுதாமலே சொல்லும் பெண்கள் ஒவ்வொரு சபையிலும் இருவர் மூவர் உண்டு. பலகாரம் விற்று, பொட்டலச் சோறு விற்று, அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் வாழைத்தாரையும் ஏலம் விட்டுச் சேர்த்த வெள்ளியால் எழுந்த கூரைகளும் மண்டபங்களும் பல. ஆலயச் சுவரின் கல்வெட்டில் அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும். அடுப்படியில் நின்றவர் பெயர் இராது. சீனரும் மலாய்க்காரரும் அண்டையில் வாழும் ஊராதலால் பலவிடத்தும் பொதுப் பந்தியில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தவிர்க்கப்பட்டன. இந்து உறவினர் வருவர் என்று மரக்கறிச் சோற்றுக்குத் தனி அண்டா ஏறிற்று.

அண்மைப் பத்தாண்டுகளில் இவ்வழக்கம் வேறோர் உருவம் கொண்டுள்ளது. வாழையிலைப் பந்திக்கு மாற்றாகப் பெரிய மண்டபத்தில் வட்ட மேசைகள் வந்துவிட்டன. மேசைக்குப் பத்துப் பேர் என்பது சீன விருந்துச் சாலைகளின் கணக்கு. தமிழ்ச் சபைகளும் ஆலயங்களும் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. மேசையாகவே விற்றால் பணம் விரைவில் சேரும் என்பது உண்மை. கட்டட நிதிக்கு வேறு வழி கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. ஆனால் நீண்ட பந்தியில் முதலிலை, கடைசியிலை என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. மேசைக்கோ விலை உண்டு. அதிகம் கொடுத்தவர் மேசை மேடைக்கு அருகில். சீட்டு வாங்க இயலாத குடும்பம், வெங்காயம் உரித்த குடும்பமாகவே இருந்தாலும், வீட்டில். சாதியை உடைத்து வெளிவந்த பந்தி, கொரிந்து நகரத்துப் பழைய வழக்குக்கே திரும்புகிறதோ என்ற ஐயம் எழாமற் போகாது.

இதை உணர்ந்த சபைகளும் உள்ளன. நிதி விருந்தை ஆண்டுக்கு ஒரு முறையோடு நிறுத்தி, மற்ற விருந்துகளைச் சீட்டின்றி நடத்துவது ஒரு வழி. பத்துப் பேர் மேசையில் இரண்டு இருக்கைகளை வாங்கியவரே பிறருக்கென விட்டுக்கொடுப்பது மற்றொரு வழி. கத்தோலிக்கரிடையே 1976ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியக் குருக்கள் ஒரு மாதம் கூடி ஆய்ந்து எடுத்த முடிவின்படி, பங்குகள் சிறு அண்டைக் குழுக்களாக அமைக்கப்பட்டன. தமிழில் 'அன்பியம்' என்று பெயர் பெற்ற இக்குழுக்கள் வீட்டுக்கு வீடு மாறிமாறிக் கூடுகின்றன. ஆளுக்கொரு கறி கொண்டுவந்து உண்பதால் அங்கே சீட்டுக்கே வேலையில்லை. 'அகாப்பே'க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. அடுக்களைகள் முற்றிலும் மூடப்படவில்லை. வேலையிழந்த தினக்கூலிக் குடும்பங்களுக்கும், மியன்மாரிலிருந்து வந்த சின் இனத்து அகதிகளுக்கும், தெருவோரம் உறங்குவோருக்கும் பொட்டலச் சோறு கட்டிக் கொடுத்தவர்களுள் திருச்சபைத் தொண்டரும் இருந்தனர். கோயிலாரும் சீக்கியக் குருத்துவாராவினரும் அவ்வாறே செய்தனர். அந்நாட்களில் பந்தி இல்லை, மேசையும் இல்லை. வாங்குபவர் யார், எந்தச் சபை, எந்த மொழி என்று கேட்க நேரமும் இருக்கவில்லை. கட்டுப்பாடு நீங்கியபின் ஞாயிறு விருந்துகள் மீண்டும் கூடின. சில அடுக்களைகளில் மட்டும் சனிக்கிழமை மாலை பொட்டலம் கட்டும் வேலை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கான வெங்காயத்தோடு அதற்கும் சேர்த்தே உரிக்கின்றனர்.