சித்திர மண்டபத்துச் சித்தாந்தம்

ஏதென்ஸ் நகரின் பழைய சந்தைவெளிக்கு வடக்கே, இப்போது ரயில் பாதை செல்லும் பள்ளத்துக்கும் அப்பால், 1981-ஆம் ஆண்டில் அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்த கல்வரிசைகள், பண்டையோர் சித்திர மண்டபம் என்று வழங்கிய நீண்ட தாழ்வாரத்தின் அஸ்திவாரம் என்று அறிஞர் கொள்கின்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த அம்மண்டபத்தை மாரத்தான் யுத்தமும் டிராய் நகரின் வீழ்ச்சியும் தீட்டிய ஓவியங்கள் அலங்கரித்தன. ஸ்பார்ட்டரிடமிருந்து கைப்பற்றிய வெண்கலக் கேடயங்கள், களிம்பேறாதபடி கீல் பூசப்பெற்று அங்கே தொங்கின. வெற்றிச் சின்னங்களின் அருகிலேயே கொடுமையின் நினைவும் உண்டு: முப்பது கொடுங்கோலர் ஆண்ட காலத்தில் 1,400 குடிமக்கள் மாண்ட இடம் அதுவே என்று பழைய வரலாறு கூறும்.

சைப்ரஸ் தீவின் சிட்டியம் நகரத்து வணிகராகிய ஸீனோ, ஊதாச் சாயச் சரக்கு ஏற்றிய தம் கப்பல் பிரேயஸ் துறைக்கருகே உடைந்தபின், ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் அமர்ந்து, சாக்ரடீஸைப் பற்றி ஜெனபன் எழுதிய நூல் வாசிக்கப்படுவதைக் கேட்டு, இத்தகைய மனிதரை எங்கே காணலாம் என்று வினவ, கடைக்காரன் அவ்வழியே சென்ற கிரேட்டஸ் என்னும் விரக்தரைச் சுட்டிக்காட்டினான் என்பது கர்ணபரம்பரை. அந்தக் குரு, புதிய சீடரின் கூச்சத்தைப் போக்கக் கருதி, ஒரு பானைப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்துக் குயவர் பேட்டை வழியே சுமந்து வரச் செய்தார்; ஸீனோ வெட்கி அதை மேலாடைக்குள் மறைப்பதைக் கண்டதும் கைத்தடியால் பானையை உடைத்தார்; கஞ்சி கால்களில் வழிய ஸீனோ ஓட்டம் பிடித்தார். கப்பல் உடைந்ததைக் காட்டிலும் பானை உடைந்ததே அவருக்குப் பெரிய பாடமாயிருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கி.மு. 300-ஐ ஒட்டி அவர் தாமே உபதேசிக்கத் தொடங்கியபோது, தத்துவஞானி எபிகூரஸுக்கு வாய்த்தது போன்ற சொந்தத் தோட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. அந்நியருக்கு அந்நகரில் நிலம் வாங்கும் உரிமை இல்லை. ஆகவே யாவர்க்கும் பொதுவான அந்த மண்டபத்தில் மேலும் கீழும் உலாவியபடியே பேசினார். அறம் ஒன்றே நன்மை, செல்வமும் வறுமையும் புகழும் மரணமும் தம்மளவில் நன்மையுமல்ல தீமையுமல்ல என்ற சித்தாந்தம், நாணயம் கைமாறும் சந்தையின் இரைச்சல் எட்டும் தூரத்தில் பிறந்தது விசேஷமே. முதலில் ஸீனோவின் பெயரால் அறியப்பட்ட மாணாக்கர், பின்னர் மண்டபத்தைக் குறிக்கும் 'ஸ்டோவா' என்னும் கிரேக்கச் சொல்லால் ஸ்டோயிக்கர் எனப்பட்டனர்.

அவர்களுள் கிளியாந்தஸ் என்பவர் முன்னாள் குத்துச்சண்டைக்காரர்; நான்கே திராக்மாவுடன் ஏதென்ஸுக்கு வந்தவர். பகலெல்லாம் பாடம் கேட்டு, இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தார். பப்பைரஸ் தாள் வாங்க வழியின்றிச் சிப்பி ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும் குறிப்பெழுதினார் என்பர். வேலை ஏதும் செய்யாதவர்போலத் தோன்றும் இவர் உடல் இத்தனை திடமாயிருப்பது எவ்வாறு என்று நீதிமன்றம் விசாரித்தபோது, தோட்டக்காரனையும், தம்மிடம் மாவு வேலை வாங்கிய ஒரு பெண்ணையும் சாட்சியாக நிறுத்தினார். நீதிபதிகள் மகிழ்ந்து பத்து மினா பரிசளிக்க முன்வந்தனர். ஸீனோ அதை வாங்கக் கூடாதென்று தடுத்துவிட்டார். அவருக்குப் பின் பள்ளியின் தலைமை இந்தத் தண்ணீர்க் கூலியாளிடமே வந்தது.