கை நீட்டாமல் கிடைத்த கறி



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியும் போராட்டங்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் சமையலைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். முகையூர்ப் பக்கத்துச் சேரிகளில் வயதானவர்களிடம் கேட்டால் கவுதாரிக் கறியின் ருசியைக் கண் மூடிச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்பார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுதான் இன்றைய பொருள்.

வேட்டைக் கறி இந்த மண்ணில் எப்போதும் இழிவாக இருந்ததில்லை. விழுப்புரம் மாவட்டம் செத்தவரையில் பழங்கால மனிதர்கள் மானையும் மீனையும் பாறையில் தீட்டி வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்தின் கிடங்கிலை உள்ளடக்கிய ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அவனிடம் பரிசில் பெறப் போகும் பாணர்களுக்கு வழியில் எயிற்றியர் புளிச்சோறும் சுட்ட ஆமான் கறியும் கொடுப்பார்கள் என்று அது சொல்கிறது. நாய் பிடித்து வந்த உடும்பின் பொரியலைச் சிவந்த சோற்றோடு பெறலாம் என்கிறது பெரும்பாணாற்றுப்படை. செங்கம் பகுதி எடுத்தனூரில், கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பல்லவர் காலத்து நடுகல்லில் இடம் கிடைத்திருக்கிறது. அன்று விருந்தாகவும் வீரமாகவும் எழுதப்பட்டது, பிறகு எப்படி ஒளித்துத் தின்னும் கறியாயிற்று?

முதலில் அந்தச் சமையலைப் பார்ப்போம். ஏனெனில் அது அறிவில்லாதவர்களின் உணவு என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது.

மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் கண்ணி வைத்துக் கவுதாரியும் காடையும் பிடிப்பார்கள். புதர் ஓரம் வலை கட்டி, நாயை விட்டு முயலை விரட்டுவார்கள். அறுப்பு முடிந்த கழனியில் வளையின் வாயில் புகை மூட்டம் போட்டு எலி பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்த நெல்லும் அன்றைய சோற்றுக்கு வரும். வெயிலில் கறி சீக்கிரம் கெடும் என்பதால் குடலைக் கொல்லையிலேயே எடுத்துவிடுவார்கள். முயலைப் பின்னங்காலில் கட்டித் தொங்கவிட்டுத் தோலை உரிப்பார்கள். பித்தப்பை உடைந்தால் கறி முழுவதும் கசக்கும். அந்த வேலையைக் கைப்பழக்கம் உள்ளவரிடமே கொடுப்பார்கள்.

பறவையென்றால் இறகைப் பிடுங்கி, காய்ந்த பனையோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவுவதற்கு முன் ஆயாக்கள் ஒன்று செய்வார்கள். தீனிப்பையைக் கிழித்து, உள்ளே இருக்கும் தானியத்தை முகர்ந்து பார்ப்பார்கள். மருந்து நெடி அடித்தால் அந்தப் பறவை சட்டிக்குப் போகாது. குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இதை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

காட்டுக் கறியில் கொழுப்பு குறைவு. அவசரப்பட்டால் நார் நாராக இறுகிவிடும். அதனால் மண்சட்டியில், சிறு தீயில், நெடுநேரம் வேக வைப்பார்கள். மிளகாய், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் அம்மியில் அரைத்தது. எண்ணெய்க்கு வழியில்லாத வீட்டில் மல்லாட்டையை அரைத்துச் சேர்ப்பார்கள். கேழ்வரகுக் களிக்கு அந்தக் குழம்பு. மிஞ்சினால் உப்புக்கண்டம், ஆனால் மிஞ்சுவது அபூர்வம். வலைக்காரருக்கு ஒரு பங்கு, விரட்டியவருக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, வேட்டைக்கு வர முடியாத கிழவிக்கும் ஒரு பங்கு என்று போய்விடும்.

இங்கேதான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. கூலி நெல்லுக்கு ஆண்டையின் களத்தில் நின்றோம். கூழுக்கு அவர் வீட்டுப் பின்வாசலில் நின்றோம். வேட்டைக் கறி ஒன்றுக்குத்தான் யாரிடமும் கை நீட்டவில்லை. அதையும் முழுதாக விடவில்லை. முயல் கிடைத்த செய்தி தெருவைத் தாண்டினால் தொடைக்கறி ஆண்டை வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வழக்கத்தை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

பிறகு சட்டம் வந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது; வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் கண்ணி வைப்பதைக் கட்டுப்படுத்தியது. துரை சுட்டால் அது பொழுதுபோக்கு. சேரியாள் கண்ணி வைத்தால் அது குற்றம். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் பிரான்சிஸ் என்ற அதிகாரி நம் பகுதியைப் பற்றியே எழுதியிருக்கிறார். விழுப்புரம், திருக்கோவிலூர் தாலுக்காக்களிலும் செஞ்சியைச் சுற்றியும் இருக்கும் இருளர்கள், பருவம் பொய்த்துப் பசி வந்தால் சில்லறைத் திருட்டில் இறங்குவார்கள், மல்லாட்டை நன்றாக விளைந்தால் ஒழுங்காக இருப்பார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். பசிதான் காரணம் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அது குற்றக் கணக்கில்தான் எழுதப்பட்டது. அதே மாவட்டத்தின் வேப்பூர்ப் பறையர்கள் குற்றப் பரம்பரைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

நமக்கு மட்டும் நடந்ததல்ல இது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் இரவில் முயலும் காட்டு வான்கோழியும் பிடித்துத் தம் சட்டிக்குக் கறி தேடிக்கொண்டார்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, அங்கே பல இடங்களில் வேட்டைக்கும் பொது நிலத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. சொந்தமாகக் கறி தேடிக்கொள்பவர் குறைந்த கூலிக்கு வரமாட்டார் என்பது நிலக்காரர்களுக்கு அங்கேயும் தெரிந்திருந்தது.

சுதந்திர இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கவுதாரி, காடை, முயல் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் மூடியது. அந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. பறவைகள் குறைந்துவிட்டதை நாமும் பார்க்கிறோம். ஆனால் வரப்பை அழித்தவர், புறம்போக்கை வளைத்தவர், ஏரிக்கரைப் புதரை வெட்டியவர் எவரும் பிடிபடுவதில்லை. கண்ணியோடு நிற்பவன் மட்டும் பிடிபடுகிறான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கடைசியாக நம்மைப் பற்றியும் பேச வேண்டும். 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியையும் வீசியெறியும் மிச்சத்தையும் விட்டுவிடச் சொன்னார். பிறர் தள்ளியதைத் தின்னும் நிலையை ஒழிப்பதே அவர் நோக்கம். அந்த அறைகூவல் நம்மை நிமிர வைத்தது. ஆனால் நம்மில் பலர் அதைத் தவறாக விரித்துக்கொண்டோம். நாமே தேடி, நாமே பங்கிட்டு, நாமே சமைத்த கறியையும் சேர்த்து வெட்கத்தில் புதைத்துவிட்டோம். விடுதி மாணவர்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டது இப்படித்தான். தள்ளிய கறி வேறு, தேடிய கறி வேறு. இந்த வேறுபாட்டை நம் இயக்கம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய வேட்டைக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தச் சட்டிக்குப் பின்னால் பசியும் இருந்தது. ஆண்கள் சொன்ன வேட்டைக் கதைகளில் சமைத்த பெண்களின் பெயர் இல்லை என்பதும் உண்மை. மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். உங்கள் ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். என்ன பிடித்தார்கள், யார் சமைத்தார்கள், யாருக்கு எந்தப் பங்கு போனது என்று எழுதுங்கள். "எழுதிடாதீங்க" என்று அவர் சொன்னால், யாருக்குப் பயந்து அப்படிச் சொல்கிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கெசட்டியரில் நம் பசி குற்றமாகப் பதிவாகியிருக்கிறது. நம் சமையலையும் பங்கீட்டையும் பதிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.