ஸ்டியரிங் பாகங்கள் (சுங்க வகைப்பாடு)

தோவாளைச் சந்தையில் பூ ஏற்றும் வேனுக்கான ஸ்டியரிங் பாக்ஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குமதியானால், சுங்கக் கட்டணச் சட்டத்தின் (1975) அட்டவணையில் 8708 94 00 என்ற எண்ணில் வரும். ஸ்டியரிங் வீல், ஸ்டியரிங் காலம் (தண்டு), அவற்றின் பாகங்களுக்கும் இதே எண்தான். முதல் ஆறு இலக்கம் உலகப் பொது. கடைசி இரண்டு இந்தியா சேர்த்தவை.

உதிரியாக வந்தால் கதை வேறு. அட்டவணையில் வாகனங்களுக்கான பதினேழாம் பிரிவின் 2ஆம் குறிப்பு, பேரிங்கை 8482க்கும் இரும்பு போல்ட்டை 7318க்கும் பவர் ஸ்டியரிங் மோட்டாரை 8501க்கும் தள்ளிவிடும். வண்டிக்கென்றே செய்தது என்ற வாதம் 3ஆம் குறிப்பைப் பற்றிக்கொள்ளும். வழக்குகள் முளைப்பது இங்கேதான். 2021இல் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி கலால் வழக்கில், ரயில்வே சிக்னல் ரிலேயைப் பயன்பாடு பார்த்து இதே பிரிவின் 8608இல் வைத்தது உச்ச நீதிமன்றம். குழப்பம் கூடவே, 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் வாகனப் பாகங்கள் குறித்துத் தனி அறிவுறுத்தல் வெளியிட்டது.